பட்டாபட்டிப் பைக்கு அளவான துப்பாக்கி

"குண்டு கிடைக்காத துப்பாக்கிய உம்பேருக்கு மாத்தி என்னம்மா பண்ணப்போற? ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்கவா?"

சேலத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் பாய், போன ஆவணியில் என்னிடம் இப்படிக் கேட்டார். பக்கத்து நாற்காலியில் அப்பா இருந்தார். வலது கையின் நடுக்கம் வெளியே தெரியாமலிருக்க, அதை இடது கையால் பிடித்துத் தொடையோடு அழுத்தி வைத்திருந்தார். பாய் கேட்டதில் பாதி கேலி, பாதி அக்கறை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததைத் தவிர அந்தத் துப்பாக்கியைக் கொண்டு எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எதுவும் செய்ததில்லை. அதற்குக் குண்டு இல்லாமல் போனதற்குக் காரணம் நான். அது பாய்க்குத் தெரியாது.

அப்பா புளி வியாபாரி. தருமபுரிப் பக்கம் இண்டூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மாசி, பங்குனியில் மரங்களைக் குத்தகைக்குப் பேசி, ஆள் வைத்து உலுக்கி, கொட்டை எடுத்து, மூட்டை கட்டி விற்பார். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் படம் வரைவதுபோல மெதுவாக. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு எப்போதும் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

அப்போதெல்லாம் வியாபாரம் முழுக்க ரொக்கம். ஒரு முறை தொப்பூர்க் கணவாயில் நாலு பேர் வண்டியை மறித்து, அப்பாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு கன்னத்தில் அறைந்தும் விட்டார்கள். பை போனதைவிட அந்த அறைதான் அவரைத் தூங்கவிடவில்லை என்று அம்மா சொல்வாள். ஒரு வருடம் அலைந்து துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினார். நான் பிறந்த வருடம் அது.

லைசென்ஸ் கிடைத்ததும் பாயின் கடைக்குப் போயிருக்கிறார். எல்லோரும் வாங்குகிற பாயின்ட் த்ரீ டூ ரிவால்வரைத்தான் பாய் முதலில் எடுத்துக் காட்டினார். அதற்குக் குண்டு எந்த ஊரிலும் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் உண்டு, நாளைக்கு விற்றாலும் போகும். அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, வேட்டியை விலக்கி, பட்டாபட்டி டிராயரின் பைக்குள் அதைத் திணித்துப் பார்த்தார். பாதிதான் உள்ளே போனது. மீதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. புளி வியாபாரிகளின் பெட்டி, பீரோ எல்லாமே அந்தக் கோடு போட்ட டிராயரின் பைதான். அதற்குள் அடங்காத பொருளை எப்படி எடுத்துக்கொண்டு மரம் மரமாக அலைவது?

கடையின் கண்ணாடி அலமாரியில் இன்னொன்று இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் விற்கச் சொல்லிக் கொடுத்த வெளிநாட்டுப் பிஸ்டல். பாயின்ட் டூ ஃபைவ். உள்ளங்கையில் வைத்து மூடினால் குழாயின் நுனி மட்டும் தெரியும். கறுப்பு இரும்பு, கைப்பிடியில் வலைபோல் செதுக்கிய கோடுகள். பைக்குள் போட்டார். போன இடம் தெரியவில்லை.

"இதுக்குக் குண்டு கிடைக்கறது கஷ்டமுங்க. இந்த ஜில்லாவுலயே இந்த போர், அதான் குழாய் அளவு, வெச்சிருக்கற ஆளு நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க. அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது," என்று பாய் சொன்னாராம்.

"நான் ஒருத்தன்தானா?" என்று கேட்டாராம் அப்பா. அதற்குப் பிறகு அவரை அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு யார் அனுப்ப முடியும்?

துப்பாக்கியோடு பதின்மூன்று தோட்டாக்கள் வந்தன. இரண்டைச் சோதனைக்காகப் பாய் சுட்டுக் காட்டினார். மீதி பதினொன்று. அவை தீர்ந்தால் வேறு இல்லை என்பதால் அப்பா ஒன்றைக்கூடச் சுட்டுப் பழகவில்லை. அரிய அளவுத் துப்பாக்கியின் பெரிய கஷ்டம் இதுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பழகாத துப்பாக்கி ஆபத்துக்கு உதவாது. பழகினாலோ குண்டு தீர்ந்துவிடும். அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கணவாயில் வண்டி ஏறும்போது டிராயர்ப் பையை வெளியிலிருந்து ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு தொடுதலுக்காகத்தான் அதை வாங்கினார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவரை யாரும் மறிக்கவுமில்லை.

வருடத்துக்கு ஒரு நாள் அது எல்லோர் கண்ணிலும் படும். ஆயுத பூஜையன்று தராசுக்கும் புளி தட்டுகிற கட்டைக்கும் நடுவில் துணி விரித்து வைப்பார். "புள்ளையாட்டம் நடுவுல படுக்க வெச்சிருக்காரு பாரு," என்று அம்மா சிரிப்பாள். சந்தனப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. பூஜை முடிந்ததும் அந்தப் பொட்டை மெல்லிய துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவார். என் முகத்தைக்கூட அவ்வளவு மெதுவாக அவர் துடைத்ததில்லை என்று நான் சண்டை போட்டதுண்டு.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, படிக்கத் தெரிந்த ஆள் என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிறவரை ரைட்டர் என்பார்கள். அன்றைக்கு இருந்த ரைட்டர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, திருவிழாவுல வாங்குனதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அடுத்து ரைட்டர் சொன்னதில் அவர் முகம் மாறிவிட்டது.

"லைசென்ஸ்ல பாயின்ட் டூ ஃபைவ்னு இருக்கு. இதுல ஆறு புள்ளி மூணு அஞ்சுன்னு வெட்டியிருக்கு. இது வேற துப்பாக்கி இல்ல?"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "இல்லீங்க சார், இது ஒண்ணுதானுங்க எங்கிட்ட," என்றார்.

நான் முன்னே போனேன். "ஒண்ணு இஞ்ச்சுக் கணக்குங்க சார், இன்னொண்ணு மில்லிமீட்டர். ரெண்டும் ஒரே அளவுதான்." மேசைமேல் கிடந்த தாளில் ஓர் அங்குலத்துக்கான இருபத்தைந்து புள்ளி நான்கு மில்லிமீட்டரைப் புள்ளி இரண்டு ஐந்தால் பெருக்கிக் காட்டினேன். ஆறு புள்ளி மூன்று ஐந்து வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ரைட்டர் அந்தத் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "பொண்ணு படிக்குதா? படிக்க வைங்க," என்று சொல்லி ரசீது எழுதினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எதிரில் வந்தவர்களை நிறுத்தி நிறுத்தி அப்பா அந்தக் கதையைச் சொன்னார். கணக்கு அவருக்குப் புரியவில்லை. "பெருக்குனா பாரு, அப்படியே வந்து நிக்குது!" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு என் தலைக்குள் ஏறிய கர்வம்தான் அடுத்த வருடம் என்னை அந்தக் காரியம் செய்ய வைத்தது.

துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். தோட்டாக்களில் ஈரம் படக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். புளிக்காரர் வீட்டில் ஒரு பொருள் கெடாமலிருக்க என்ன செய்வார்கள்? உப்புப் போட்டு வைப்பார்கள். வருடக்கணக்கில் புளி அப்படித்தானே இருக்கிறது. அப்பா பதினொரு தோட்டாக்களையும் துணியில் முடிந்து, ஒரு ஜாடியில் கல் உப்புக்கு நடுவில் புதைத்து, துணிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். எங்களில் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலைக்காக மழை நின்றதும் ஜாடியைத் திறந்தார். உப்பு நீர்விட்டுக் கசிந்திருந்தது. தோட்டாக்கள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன, கழுவாமல் விட்ட கோயில் மணிபோல. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"களிம்புதாம்பா. பித்தளையில வர்றதுதான்," என்றேன். நான் ஒன்பதாம் வகுப்பு. உலோகம், அமிலம் எல்லாம் அந்த மாதம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். "புளியில அமிலம் இருக்குது. அது களிம்பக் கரைச்சிடும். எங்க புத்தகத்துலயே போட்டிருக்குது."

"ஒண்ணும் ஆவாதா கண்ணு?"

"ஒண்ணும் ஆவாதுப்பா. நம்ம குடத்தத் தேய்க்கறதில்லையா?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் புளியிலேயே நல்ல புளியாக எடுத்துக் கரைத்து, பதினொன்றையும் அதில் ஊறப் போட்டேன். அரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பச்சை போய்ப் பொன்னாக வந்தது. முறத்தில் வரிசையாக வைத்து வெயிலில் காயவைத்தேன். அப்பா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் காட்டினார்.

"இங்க பாரு, ஆசாரி கடையில இருந்து வந்தாப்புல இருக்குது. படிச்ச புள்ள கைவேல!"

அடுத்த வாரம் அப்பாவும் நானும் சேலத்துக்குப் போனோம். அம்மா வரவில்லை. பாய் தோட்டாக்களைத் துணியில் கொட்டினார். முதலில் அவர் முகம் மலர்ந்தது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். குண்டும் பித்தளையும் சேருகிற விளிம்பில் நகத்தை வைத்து ஓட்டினார். அடிப்பக்கம் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து முடித்தார்.

"இத எதுல கழுவுனீங்க?"

வாயைத் திறக்க எனக்கு ஒரு நொடி தேவைப்பட்டது. அந்த ஒரு நொடியில் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தானுங்க பாய். புளி போட்டுத் தேச்சேன்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "புளியா! ஏனுங்க, குண்டுல ரசம் வெச்சிட்டீங்களே! பித்தளைய அரிச்சிருக்கு. உள்ள தண்ணி எறங்கியிருக்கும். இது வெடிக்கவும் வெடிக்காது, நம்பி வெச்சிருக்கவும் முடியாது. குழாயிலயே பாதியில நின்னுச்சுன்னா கையி போயிடும்."

"தெரியலீங்க."

"வூட்ல படிக்கிற பொண்ணு இருக்குதே. அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்குமே!"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "கேக்காம உட்டுட்டேனுங்க," என்றார்.

என் நகக்கண்களில் இன்னும் புளியின் கறை இருந்தது. கைகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன். பதினொரு தோட்டாக்களையும் கடையிலேயே ஒப்படைக்கச் சொல்லி, லைசென்ஸில் எழுதிக் கொடுத்தார் பாய். அந்த அளவுக்கு வேறு தோட்டா அவரிடம் இல்லை. விசாரிக்கிறேன் என்று சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்குத் தட்டைகளுக்கு நடுவில் சட்னி வைத்த தட்டுவடை செட் வாங்கித் தந்தார். நான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாகிட்டச் சொல்லாத," என்றார். "சொன்னா என்னையத்தான் திட்டுவா. உப்புல வெச்சது நாந்தானே?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த அரையாண்டுப் பரீட்சையில் அறிவியலில் நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். மதிப்பெண் அட்டையைக் காட்டியபோது என் படிப்பின்மேல் சந்தேகத்தின் சாயல்கூட அவர் முகத்தில் இல்லை. அன்றைக்கு அழுதேன். காரணம் கேட்டார்கள், தலைவலி என்றேன்.

குண்டில்லாத துப்பாக்கியை அவர் அதற்குப் பிறகும் புளிக் காலத்தில் பையில் வைத்துக்கொண்டு போனார். "உள்ள ஒண்ணுமில்லாம எதுக்கு அதத் தூக்கிட்டு அலையறீங்க?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்லேன்னு அவனுக்குத் தெரியுமா?" என்பார். பாய் நாலைந்து ஊர்களில் விசாரித்தும் தோட்டா கிடைக்கவில்லை. பிறகு வியாபாரிகள் பணத்தைப் போனிலேயே போட ஆரம்பித்தார்கள். டிராயர்ப் பையில் வைக்க ரொக்கமும் இல்லாமல் போனது.

நான் தருமபுரியில் வேதியியல் படித்தேன். இப்போது ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. கூழில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று அளந்து எழுதுவது என் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் அதை எழுதும்போது முறத்தில் காய்ந்த பதினொரு பொன்மணிகள் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

போன வருடம் அப்பாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டரின் சான்று வேண்டும். இந்தக் கைக்குத் தர முடியாது என்று டாக்டர் தன்மையாகச் சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார், அதைத் துடைக்கக்கூடக் கை நிற்கவில்லை.

"குடுத்துடலாம் கண்ணு," என்றார்.

யாருக்குக் கொடுப்பது? இந்த அளவு என்றதும் வாங்குகிறவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். ஒருவர் வந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்று தடவிக்கூடக் கொடுத்தார், குண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார், போய்விட்டார். அரசாங்கத்திடம் ஒப்படைத்தால் என்றாவது ஒரு நாள் உடைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அதுல அப்படி என்னப்பா இருக்குது?" என்று கேட்டேன்.

அவர் துப்பாக்கியைக் காட்டவில்லை. லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து, தன் படம் ஒட்டிய பக்கத்தை இடது கையால் விரித்து வைத்தார். கறுப்பு மீசை, பயந்த கண்கள். "உன் பள்ளிக்கூடப் புத்தகம் வர்றதுக்கு முன்னாடி இந்த வூட்ல இருந்த ஒரே புத்தகம் இதுதான். கைநாட்டுக்காரன்னு பாக்காம, இவன் நல்லவன், இவன்கிட்டத் தரலாம்னு நம்பிக் குடுத்தாங்க. இத்தன வருசத்துல யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணல கண்ணு, அதால."

நான் விதிகளைப் படித்துப் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் வைத்திருந்தவர் உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசுக்கு மாற்றித் தரலாம். வாரிசுக்குத் தனியாக லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். நான் பிறந்த வருடமும் அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்த வருடமும் ஒன்று. இருபத்தைந்து தாண்டிவிட்டது.

அப்படித்தான் ஆவணியில் பாயின் கடையில் போய் உட்கார்ந்தோம். அப்படித்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பொட்டு வெக்கறதுக்குன்னே வெச்சுக்கோங்க பாய்," என்றேன். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் புளி போட்டுத் தேச்சது அப்பா இல்ல. நான். ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னதும் நாந்தான்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"இல்லீங்க பாய், அது சின்னப் புள்ள, அதுக்கென்ன தெரியும்? நாந்தான் தேச்சேன்."

"பா, உக்காருங்க."

"நாந்தானுங்க," என்றார் மறுபடி. அழுத்திப் பிடித்திருந்த வலது கையை விட்டுவிட்டதால் அது தன்பாட்டுக்கு நடுங்கியது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசையில் தட்டிச் சிரித்தார். "சரி, யாரோ ஒருத்தர் வெச்ச ரசம். விடுங்க. ஏம்மா, அப்ப உனக்குத்தான் குடுக்கணும். இனிமே நீ செத்தாலும் குண்டுல புளி போட மாட்ட." மேசை இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தின் மாதிரி ஒன்றை எடுத்தார். "கோயமுத்தூர்ப் பக்கம் ஒருத்தர்கிட்ட இந்த அளவு கொஞ்சம் இருக்குதுன்னு கேள்வி. லைசென்ஸ் வரட்டும், முறையா வர வழியிருக்கான்னு பாக்கறேன். கிடைக்கும்னு சொல்லல."

"சரிங்க பாய்."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னாலும் எம்பேருக்குத்தான்."

பஸ் ஸ்டாண்டில் இந்த முறை தட்டுவடை நான் வாங்கிக் கொடுத்தேன். கை நடுங்கிச் சட்னி வேட்டியில் சிந்தியது. "எதுக்கு கண்ணு அங்க போயி அத சொன்ன?" என்று கேட்டார். கோபம் மாதிரி இருந்தது. வேட்டியைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத் தேச்சிருந்த, இல்ல? பொன்னாட்டம் இருந்துச்சு," என்றார்.

பயிற்சிக்கு நாலு ஞாயிறு போய்வந்தேன். அங்கே தருகிற துப்பாக்கி எல்லோரும் வைத்திருக்கிற அளவுதான். முதல் முறை சுட்டபோது தோளெல்லாம் அதிர்ந்தது. எங்கள் வீட்டில் இவ்வளவு வருடம் துப்பாக்கி இருந்தும், ஏதோ ஒரு துப்பாக்கியின் விசையை அழுத்திய முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா, "சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

தோட்டா கிடைத்தால் போட்டு வைக்க, இறுக்கமாக மூடுகிற ஒரு டப்பா வாங்கித் துணிப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அடியில் ஈரம் உறிஞ்சுகிற நீல மணிகள். அப்பா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதென்ன, உப்பா?"

"இல்லப்பா. ஈரத்த இழுத்து வெச்சுக்கும்."

"உப்புந்தானே இழுக்கும்?"

"இழுக்கும்பா. நீங்க நெனச்சது பாதி சரிதான்."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

விண்ணப்பத்தில் துப்பாக்கியின் அளவு என்ற இடத்தில் அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் இரண்டையும் எழுதினேன், அடுத்து வருகிற எந்த ரைட்டரும் குழம்பாமலிருக்க. மாற்றித் தரச் சம்மதம் என்ற தாளில் அப்பா இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை வரைந்தார். போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் அதைக் கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கி வந்து அவருடைய லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.